இரண்டாவது சாட்சி

மும்பையில் தாராவிக்கும் மித்தி ஆற்றுக்கும் நடுவில், ஒரு காலத்தில் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக் கிடந்த மேட்டின் மேல், இப்போது ஒரு காடு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் அதன் வாசலில் கூடுவோம். இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வெளியே வரும்போது, வாசலில் சாய்த்துவைத்த கரும்பலகையில் அந்த வாரம் பார்த்த பறவைகளின் பெயர்களை எழுதிவைப்போம். எழுதுவது நான். ஆபீசில் கடிதம் எழுதிப் பழகிய கை என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கெத்துதான், மறைப்பானேன்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற மராட்டிக்காரப் பெரியவர் ஒருவர்தான் எங்களுக்குத் தலைவர். அவர் போட்ட சட்டம். ஒரு பறவையின் பெயர் பலகையில் ஏற வேண்டுமானால் அதை இரண்டு பேர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் பார்த்தேன் என்று சொன்னால் போதாது. காதால் கேட்டதும் கணக்கில்லை. "கேட்டேன் கீட்டேன்னெல்லாம் வேண்டாம், ரெண்டு ஜோடி கண்ணு வேணும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, இன்னொரு கை உயருகிறதா என்று எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்ப்பார். கை உயர்ந்தால்தான் நான் சாக்பீஸை எடுப்பேன். அந்தச் சட்டத்தை உடைத்தவள் நான்தான். ஒரு தடவை அல்ல, பல வாரம்.

கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். நான் மாட்டுங்காவில் பிறந்து திலக் நகரில் வாழ்க்கைப்பட்டவள். இன்னொருவர் தாராவிக்காரர், திருநெல்வேலிப் பக்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். தாராவித் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், மத்தியானம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். வாரம் முழுக்க ஹாரன் சத்தத்தில் கிடக்கிற மனுஷனுக்கு ஞாயிறு ஒரு நாள் பறவைச் சத்தம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். முதல் வருஷத்திலேயே எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். நாங்கள் பைனாகுலரை வைத்துக்கொண்டு திணறும்போது, "அந்தா, அந்த மூணாவது கொப்புல பாருங்கக்கா, வால் தொங்குது" என்பார். பார்த்தால் அரசவால் ஈப்பிடிப்பான் வெள்ளை வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மராட்டிக்காரப் பெரியவர் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார்.

எனக்கு உண்மையில் கண் அவ்வளவு போதாது. எதிரே இருக்கிற ஊறுகாய் பாட்டிலைத் தேடுகிறவள் பறவை பார்க்கப் போகிறாளாம் என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். ஆனால் வேன்காரர் பக்கத்தில் நடந்ததால் எனக்கும் பேர் வந்தது. அவர் முதலில் பார்ப்பார், எனக்குக் காட்டுவார், நான் இரண்டாவது கையைத் தூக்குவேன். பலகையை ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் பெங்களூரிலிருக்கும் தங்கையிலிருந்து ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் ஆஹா ஓஹோ. முப்பது வருஷம் ஆபீசில் யாரும் என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த வருஷம் மழை நின்று, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிறு. வீட்டுக்கு வந்து ஃபோட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது. குக்குறுவான், குயில், தையல்சிட்டு, செம்போத்து, மீன்கொத்தி, கானாங்கோழி. வேன்காரர் சொல்லி ஏறியவை அத்தனையும் கத்துகிற பறவைகள். வாயைத் திறக்காமல் கரையில் நிற்கிற மடையான், வக்கா, கொக்கு எல்லாவற்றையும் சொன்னது மற்றவர்கள். முந்தின வாரத்து ஃபோட்டோவை எடுத்தேன். அதிலும் அப்படித்தான். அதற்கும் முந்தின வாரத்தில் ஒரே ஒரு வைரி, சின்னப் பருந்து மாதிரிப் பறவை, இருந்தது. அன்று அது தலைக்கு மேல் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு போனது எனக்கு நினைவிருந்தது.

தெரியவில்லை என்று சொன்னால் பொய். இந்த மனுஷன் பார்க்கவில்லை, கேட்டுச் சொல்கிறார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மூங்கில் புதர்ப் பக்கம் நின்று, "மாங்குயில்க்கா, உள்ள இருக்கு" என்றார். நானும் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தேன். இலைதான் தெரிந்தது. குரல் மட்டும் கேட்டது. வாசலில் பெரியவர், "மாங்குயில், இன்னொருத்தர் யாரு?" என்று கேட்டபோது என் கை தானாகத் தூக்கிக்கொண்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த சீசனின் முதல் மாங்குயில் அது. பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவருக்கும் புரிந்திருக்கும். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசாமலேயே ஒரு ஏற்பாடு மாதிரி ஆகிவிட்டது. அவர் கேட்பார், நான் பார்த்தேன் என்பேன். பட்டியல் நீண்டது. பெரியவர் சந்தோஷத்தில் எங்கள் இருவருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார்.

டிசம்பரில் அவர் இடது தோளில் ஒரு சிராய்ப்பு. "சந்துல ஏதோ கம்பி நீட்டிக்கிட்டு நின்னுச்சுக்கா, கவனிக்கல" என்றார். இரண்டு வாரம் கழித்து நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, ஒரு காயம். காட்டுக்குள்ளேயே தாழ்ந்த கிளைகளில் இரண்டு முறை முட்டிக்கொண்டதை நானே பார்த்தேன். நேராக எதிரே இருப்பதை அவரால் நன்றாகப் பார்க்க முடிந்தது. ஃபோனில் மெசேஜ் படிப்பார், தூரத்து போர்டை வாசிப்பார். பக்கவாட்டில் இருப்பதுதான் அவருக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. யாராவது இடது பக்கமிருந்து பேசினால் முகத்தை முழுக்கத் திருப்பித் தேடுவார்.

ஞாயிறுகளில் என்னைத் தன் வேனிலேயே சயான் வரைக்கும் கொண்டுவிடுவது அவர் வழக்கம். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் வேனில் ஏறப் போனேன். இடது பக்கக் கண்ணாடி உடைந்து, பழுப்பு டேப்பால் சுற்றிக் கட்டியிருந்தது. கதவு முழுக்கக் கோடு கோடாகக் கீறல். ஒன்று பழசு, ஒன்று புதுசு, ஒன்று அன்றைக்குக் காலையில்தான் விழுந்தது போலப் பளபளத்தது. "எனக்குக் கொஞ்சம் காய்கறி வாங்கணும், நான் பஸ்ல போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த வாரம் வேறொரு சாக்கு. அதற்கடுத்த வாரம் அவர் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. நான் ஏறுவதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜனவரியில் ஆற்றங்கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாதையின் இடது ஓரத்தில், அவர் காலிலிருந்து இரண்டடி தூரத்தில், ஒரு மடையான் மண்ணோடு மண்ணாக நின்றது. நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. அது படாரென்று வெள்ளைச் சிறகை விரித்துக்கொண்டு எழும்பியபோது அவர் "ஐயோ!" என்று அலறிவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். கொக்குக்குப் பயப்படுகிற மனுஷனா அவர்? சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்திருந்தது.

"டாக்டர்ட்ட போய்க் கண்ணைக் காட்டுங்கோ" என்றேன். முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன்.

"கண்ணுக்கு என்னக்கா? நல்லாத்தான இருக்கு."

"பக்கத்துல நிக்கறது தெரியலையே உங்களுக்கு."

அவர் குரல் சட்டென்று மாறிவிட்டது. "அக்கா, டிரைவர்ட்ட இந்தப் பேச்சு பேசப்பிடாது. ஒருத்தன் காதுல விழுந்தா லைசென்ஸ் போச்சு, வேன் போச்சு. வீட்டுல அவ பை தைச்சு வாரதுல என்ன ஓடும்? மக பத்தாவது எழுதுதா. மார்ச் முடியட்டும், நானே போறேன். நீங்க யார்ட்டயும் சொல்லாதிய."

சொல்லவில்லை. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஆபீசில் ஒரு கடிதத்தில் கமா விட்டுப்போனால் கத்துகிறவள். பெரியவரிடம் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். அவர் மனைவியிடம் போயிருக்கலாம். வீடு தெரியும், ஒரு தடவை பொங்கலுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கிறாள். ஒரு குடும்பத்தின் பிழைப்பில் மண்ணைப் போட நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை அது. அவர் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு யார் பறவை காட்டுவார்கள் என்பது மீதிப் பாதி. வாரநாட்களில் காலை ஏழு மணிக்கு, காபி போடும்போது, இந்நேரம் வேன் கிளம்பியிருக்கும் என்று தோன்றும். டிவியில் விபத்து என்ற வார்த்தை வந்தால் பிராணன் போய்த் திரும்பும். ஏழே முக்கால் ஆனதும், சரி, இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டிபனைக் கட்டுவேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை. அவர் பக்கத்தில் நின்று, ஒன்றுமே இல்லாத ஒரு கிளையைக் காட்டினேன். "அங்க பாருங்கோ, வைரி உக்காந்திருக்கு. தெரியறதா?"

அவர் பைனாகுலரைத் தூக்கினார். இப்படியும் அப்படியும் தடவித் தடவித் தேடினார். ரொம்ப நேரம். பிறகு சிரித்தார். "ஆமாக்கா. கெடச்சிட்டு. நல்லா இருக்கு."

வாசலில் பெரியவர் கேட்டபோது அவராகவே, "வைரி ஒண்ணு, அக்காவும் நானும் பாத்தோம்" என்று சொல்லிக் கையைத் தூக்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றேன். "எனக்குச் சந்தேகமா இருக்கு, எழுத வேண்டாம்" என்றேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துத் தாராவிக்குப் போய், அவர் வேன் நிற்கிற இடத்தில் நின்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. என்னைப் பார்த்ததும் அவர் திடுக்கிட்டார். "மாட்டுங்கால ஒரு வேலை, கோவிலுக்கும் போகணும், உங்களோடயே வரேன்" என்றேன். அவர் முன் சீட்டில் இருந்த துணியை எடுத்துப் போட்டுவிட்டு இடம் கொடுத்தார். பின்னால் ஒன்பது பிள்ளைகள், எல்லாம் ஏழு, எட்டு, ஒன்பது வயது. இரட்டைப் பின்னல், தண்ணீர் பாட்டில், டிபன் வாசனை.

வேன் கிளம்பிய உடனே பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"மாமா, லெஃப்ட்ல ஸ்கூட்டர்!"

"மாமா, ரைட்ல பஸ், பெரிய பஸ்!"

"லெஃப்ட்ல கைவண்டி மாமா! நான்தான் ஃபர்ஸ்ட்!"

"இல்ல, நான்தான் பஹ்லே பாத்தேன்!"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு பக்க ஜன்னலிலும் ஆளுக்கொரு பக்கமாக முகத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பின்னால் இருந்த சின்னப் பெண் பெருமையாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, இது கேம். யார் ஜாஸ்தி பாக்கறாங்களோ அவங்களுக்கு வெள்ளிக்கிழமை சாக்லேட். நான் லெஃப்ட் டீம்."

அவரைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக, எதிரே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் பின்னால் இருந்தது. மூங்கில் புதர்ப் பக்கம் நிற்கும்போது தலையை லேசாகச் சாய்த்து நிற்பாரே, அதே சாய்ப்பு. லெஃப்ட் என்றால் வலது பக்கம் ஒதுங்கினார், ரைட் என்றால் இடது பக்கம் நகர்ந்தார். பிள்ளைகள் கத்தினால் கத்தின பக்கத்திலிருந்து வண்டி விலகியது. அந்தக் குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்து அவரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சயான் தாண்டி மாட்டுங்கா பக்கம் திரும்பும் இடம். பின்னால் திடீரென்று சத்தம் நின்றது. லெஃப்ட் டீம் பெண்ணின் பாட்டில் மூடி கழன்று சீட்டெல்லாம் தண்ணீர், எல்லோரும் குனிந்துவிட்டார்கள். அந்த இரண்டு நிமிஷம்தான். இடது பக்க நடைபாதையிலிருந்து, தலையில் பூக்கூடையோடு ஒரு அம்மா, வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையில் ரோட்டில் காலை வைத்தாள். வேன் வேகம் குறையவே இல்லை.

"நிறுத்துங்கோ!" என்று நான் போட்ட கூச்சலில் என் தொண்டை கிழிந்திருக்கும். அவர் பிரேக்கில் ஏறி நின்றார். கூடை பானட்டில் மோதி, சாமந்தி முழுக்கக் கண்ணாடியில் சிதறியது. அந்த அம்மா இரண்டு கையையும் வேனின் மேல் ஊன்றிக்கொண்டு நின்றாள். அடிபடவில்லை. அவள் மராட்டியில் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாம் சரியான திட்டுதான்.

பின்னால் அந்தச் சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். "ஸாரி மாமா. நான் பாக்கல மாமா. என் தப்பு மாமா."

ஏழு வயது. என் தப்பு என்கிறாள். எனக்கு அப்போது வந்த கோபம் அவர் மேல் இல்லை. கை நீட்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கினேன். அவர் தடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் அங்கிருந்து பத்து நிமிஷ நடை. ஒன்பது பேரையும் கை கோத்து நிற்கச் சொல்லி, நடைபாதையோடு நானே நடத்திக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டேன். உள்ளே போய் ஆபீஸில் விஷயத்தைச் சொன்னேன். திரும்பி வரும்போது அவர் அதே இடத்தில், கண்ணாடியில் ஒட்டிய பூவைக்கூடத் தட்டிவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் கொன்னுட்டியளேக்கா" என்றார். அவர் மனைவிக்கு ஃபோன் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகப் போனோம். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமி மாதிரி வந்து நின்னியக்கா. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா நாங்க எங்க போய் முழிப்போம்?" என்றாள். அந்தக் கையை உதறிவிட்டு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது எனக்கு.

சோதனையெல்லாம் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டர் எங்களை விட வயது குறைந்த பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றாள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரும் வியாதி. போனது போனதுதான், திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். வலது கண்ணில் கொஞ்சம் மீதி இருக்கிறது, இடது கண்ணில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வண்டி இனி ஓட்டவே கூடாது. பேனாவை எடுத்துக்கொண்டு, "எத்தனை நாளாக இப்படி?" என்று இந்தியில் கேட்டாள்.

"ஒரு மாசமா இருக்கும் மேடம்" என்றார் அவர்.

டாக்டர் நம்பவில்லை. பேனா பேப்பரில் இறங்கவில்லை. "சரியாகச் சொல்லுங்கள், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிந்தால்தான் மருந்தின் அளவு சொல்ல முடியும்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என்னையும் அவர் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலு மாசத்துக்கு மேல" என்றேன் நான். "தீபாவளிக்கு முன்னாடியே."

டாக்டர் எழுதிக்கொண்டாள். அவர் முகத்தை முழுசாகத் திருப்பி, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடிக் கண்டுபிடித்து, என்னைப் பார்த்தார். மறுபக்கம் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவர் மனைவியும் பார்த்தாள்.

"உங்களுக்கு அப்பமே தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.

அவள் அப்போதும் திட்டவில்லை. என் கையை விட்டுவிட்டு, "அப்பமே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கண்ணு இருந்திருக்கும்லாக்கா" என்றாள். மருந்துச் சீட்டை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அவரை இடது முழங்கையில் பிடித்து எழுப்பினாள். படிக்கட்டு வந்ததும், "படி, கீழ படி, இன்னொண்ணு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். நான் மேலேயே நின்றுவிட்டேன்.